வாலில் ஒரு பித்தளைக் குழாய்

சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்துக் கடையில் பல வருடம் டிவியும் ரேடியோவும் பழுது பார்த்தேன். பிக்சர் டியூப் போய்விட்டதென்றால் போய்விட்டது என்று வாடிக்கையாளர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன். சிலர் கெஞ்சுவார்கள், சிலர் திட்டுவார்கள். நான் அசைந்து கொடுத்ததில்லை. இயந்திரங்களின் விஷயத்தில் அத்தனை கறார். சொந்தக்காரர்கள் விஷயத்தில் நான் வெறும் தலையாட்டி பொம்மை. என் மச்சானின் பார்வை போனதில் அந்தத் தலையாட்டலுக்கும் பங்கு உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். அவர்கள் கத்தோலிக்கக் குடும்பம், நாங்கள் இந்துக்கள். எங்கள் திருமணம் பதிவு அலுவலகத்தில் நடந்தபோது அவர்கள் வீட்டிலிருந்து வந்த ஒரே ஆள் அவர்தான். சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே நீங்க எங்க வீட்டு மாப்ள. யாரு என்ன சொன்னாலும் நான் பாத்துக்கிறேன்" என்றார். சொன்னபடியே பார்த்துக்கொண்டார். இரண்டு வருடத்தில் மாமனார் வீட்டில் எனக்குக் கிறிஸ்துமஸ் சாப்பாடு கிடைத்ததென்றால் அது அவர் போட்ட சண்டையால்தான்.

அவர் என்னைவிட எட்டு வயது மூத்தவர். ஆனாலும் 'மாப்ள, நீங்க' என்பதைத் தவிர வேறு மாதிரி அழைத்ததில்லை. நானும் 'மச்சான், நீங்க' என்பதை விட்டதில்லை. அத்தனை வருடத்தில் நாங்கள் ஒருவர் பேச்சை ஒருவர் மறுத்துப் பேசியது கிடையாது. எங்கள் இரண்டு குடும்பத்திலும் அதற்கு மரியாதை என்று பெயர்.

அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. எஞ்சின் இல்லாத சின்ன விமானத்தை ரேடியோ மூலம் பறக்கவிடுவது. கிரேன் கூண்டில் உட்கார்ந்திருக்கும்போது, துறைமுகத்தின் மேல் செம்பருந்துகள் இறக்கையை அசைக்காமலே வட்டமிட்டு ஏறுவதைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை. புக்கிட் மேராவிலிருந்த தன் வீட்டில் சாப்பாட்டு மேசையை ஆக்கிரமித்துக்கொண்டு பால்சா மரத்தை வெட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஆளைவிட நீளமான இறக்கை ஒன்று செய்தார். வாலை மட்டும் மூன்று முறை செய்து, இரண்டைத் தூக்கிப் போட்டார். மூன்றாவது வாலைத் தடவிக் காட்டி, "இதுல மட்டும் யாரும் கைய வைக்கக்கூடாது மாப்ள" என்று சொல்லி வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்த் திருப்பலி முடியும்வரை நான் கடை வேனை மாதா கோயில் வாசலுக்கு எதிரே நிறுத்திக் காத்திருப்பேன். அவர் வெள்ளைச் சட்டையோடு வந்து ஏறுவார். மரீனா பக்கம் கடலைத் தூர்த்துப் போட்டிருந்த மணல்வெளிக்குப் போவோம். அப்போது அங்கே லாலான் புல்லையும் சவுக்கையும் தவிர ஒன்றும் கிடையாது. நீண்ட ரப்பர் குழாயில் நைலான் கயிற்றைக் கட்டி, விமானத்தை அதில் மாட்டி, பின்னால் இழுத்து விடுவேன். அது சரசரவென்று மேலே போய்க் கயிற்றைக் கழற்றிக்கொள்ளும். பிறகு அவர் பாடு. சூடான மணலிலிருந்து எங்கேயோ ஓர் இடத்தில் வெப்பக்காற்று மேலே எழும்பிக்கொண்டிருக்கும். அதைக் கண்டுபிடித்து அதற்குள்ளேயே வட்டமடித்தால் விமானம் அரைமணி நேரம்கூட நிற்கும். கண்டுபிடிக்காவிட்டால் மூன்று நான்கு நிமிடத்தில் தரைக்கு வந்துவிடும்.

காற்று கண்ணுக்குத் தெரியாது. விமானம் அதன் ஓரத்தில் பட்டால் ஒரு பக்க இறக்கை லேசாகத் தூக்கும், அவ்வளவுதான். இருநூறு மீட்டர் உயரத்தில் அந்தத் தூக்கலை அவர் பார்த்துவிடுவார். எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம் அவருக்கும் தெரியாமல் போனது. அவர் சொல்லவில்லை, நான்தான் கவனித்தேன். அந்த மணல்வெளியிலிருந்து துறைமுகக் கிரேன்கள் தெரியும். "மூணாவது கிரேன் சும்மா நிக்குது பாருங்க, இன்னிக்கி யாருக்கு யோகமோ" என்று வாராவாரம் சொல்வார். அந்த வருடம் கிரேன்களைப் பற்றிய பேச்சே நின்றுபோனது. விமானம் உயரே போனதும், "எங்க மாப்ள, சவுக்குக்கு மேலயா?" என்று பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்பார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று இடது, வலது என்று சொல்லத் தொடங்கினேன். எப்போது தொடங்கினேன் என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அவருக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, இருந்தது. கிளினிக் டாக்டர் கண்ணைப் பார்த்துவிட்டு, பெரிய மருத்துவமனையின் கண் பிரிவுக்கு ஒரு கடிதம் கொடுத்திருந்தார். அதை அவர் செபப் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்தார். போனால் சோதிப்பார்கள், சோதித்தால் கிரேன் கூண்டிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று பயம். இதை என் மனைவி எப்படியோ கண்டுபிடித்து என்னிடம் சொன்னாள்.

"அண்ணன் யார் சொன்னாலும் கேக்க மாட்டாரு. நீங்க சொன்னா கேப்பாரு. லேசர் வச்சா இருக்கிறதக் காப்பாத்தலாமாம். போகச் சொல்லுங்க."

"சொல்றேன்" என்றேன்.

அடுத்த ஞாயிறு வேனில் நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார். வேரியோ என்று ஒரு கருவி வந்திருக்கிறதாம். விமானத்துக்குள் வைத்துவிட்டால், விமானம் ஏறும்போது கீ என்றும் இறங்கும்போது கூ என்றும் ரேடியோவில் சத்தம் அனுப்புமாம். கீழே நிற்பவன் காதில் மாட்டிக்கொண்டு கேட்டாலே போதும். "கண்ணால தேடுறத காதால தேடலாம் லா மாப்ள. எலக்ட்ரானிக்ஸ் உங்க டிபார்ட்மென்ட். நீங்களே பாத்து ஒண்ணு எடுங்க" என்றார். முகமெல்லாம் வெளிச்சமாக இருந்தது. அந்த முகத்தைப் பார்த்து ஆஸ்பத்திரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நகரத்தில் ஒரு வணிக வளாகத்தின் மூன்றாவது மாடியில் மாடல் விமானக் கடை இருந்தது. கடை முதலாளியான சீனத் தவுக்கே இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான். தீப்பெட்டி அளவில் ஒரு சர்க்யூட், பக்கத்தில் ஒரு சின்னப் பாட்டில். விமானம் ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், பாட்டிலிலிருந்து காற்று கசியும், அந்தக் கசிவைச் சத்தமாக மாற்றும். முதல் பெட்டியில் அது மட்டும்தான். இரண்டாவதில் கூடுதலாக, பென்சில் கரிபோல மெல்லிய பித்தளைக் குழாய் ஒன்று. வாலில் துளை போட்டு வெளியே நீட்டி வைக்க வேண்டும். ஏன் இரண்டாவதை எடுக்க வேண்டும் என்று தவுக்கே ஆங்கிலமும் மலாயுமாகக் கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். எனக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. குறிப்புத்தாள் இரண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு மார்சிலிங்கில் உள்ள எங்கள் வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

வீட்டில் உட்கார்ந்து படித்தபோது நன்றாகவே புரிந்தது. ஓட்டுபவர் தன் கையிலுள்ள ரேடியோப் பெட்டியின் குச்சியைப் பின்னால் இழுத்தால் விமானம் மூக்கைத் தூக்கும். தன் வேகத்தைச் செலவழித்து ஓர் ஆள் உயரம் ஏறும். வெப்பக்காற்று எதுவும் இருக்காது. ஆனால் முதல் கருவிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. உயரம் கூடியதா, கூடியது, கீ என்று கத்திவிடும். வேகம் தீர்ந்ததும் விமானம் பொத்தென்று முன்பு இருந்ததைவிடக் கீழே இறங்கிவிடும். வாலில் குழாய் உள்ள கருவி அந்த வேகத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். குச்சியை இழுத்து அதை ஏமாற்ற முடியாது. காற்றே தூக்கினால்தான் கத்தும். குறிப்பில் ஒரு பத்தி முழுக்க இதுதான் இருந்தது.

கண் நன்றாக உள்ளவனுக்கு முதல் கருவி போதும். மூக்கு தூக்கியிருப்பதைப் பார்த்து, இது பொய்ச் சத்தம் என்று தெரிந்துகொள்வான். மச்சானுக்கு இரண்டாவதுதான் வேண்டும். அவர் பார்வை எந்த நிலையில் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறவன் மட்டுமே அவருக்கு அதை வாங்க முடியும்.

புக்கிட் மேராவில் அவர் சாப்பாட்டு மேசைமேல் குறிப்புகளை விரித்தேன். "சின்ன எழுத்தா இருக்கு, நீங்களே படிங்க மாப்ள" என்றார். படித்தேன். பத்தி பத்தியாக ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அந்தப் பத்தி வந்ததும் தாண்டி அடுத்ததற்குப் போய்விட்டேன். அதைச் சொன்னால், 'உங்களால் மூக்கைப் பார்க்க முடியாது' என்று சொல்ல வேண்டும். பிறகு வாலில் துளை போட வேண்டும் என்றும் சொல்ல வேண்டும்.

"ரெண்டும் ஒண்ணுதான் மச்சான். இதுல வால்ல குழாய் வைக்கணும், எடை கூடும். மொத ஒண்ணே போதும்."

"வால்ல கைய வைக்க வேணாம்" என்றார் உடனே. "நீங்க சொன்னா சரி."

இப்படித்தான் தேர்ந்தெடுத்தேன்.

முதல் ஞாயிறே சத்தம் கேட்டது. இயர்போன் அவர் காதில், விமானம் என் கண்ணில். அவர் குச்சியை மெல்ல இழுத்தார். விமானம் மூக்கைத் தூக்கியது. "ஏறுது மாப்ள. ஏறுதுல்ல?" என்றார்.

ஓர் ஆள் உயரம் ஏறத்தான் செய்தது. "ஏறுது மச்சான்" என்றேன்.

அது பிறகு விழுந்தது. விழும்போது காதில் கூ என்று கேட்டிருக்கும். உடனே அவர் மறுபடி இழுத்தார், மறுபடி கீ என்றது. இப்படியே இழுப்பதும் விழுவதுமாக, சும்மா விட்டிருந்தால் நின்றிருக்கும் நேரம்கூட நிற்காமல் தரைக்கு வந்தது. ஸ்டாப்வாட்ச் என் கையில் இருந்தது. "எத்தன நிமிஷம்?" என்று கேட்டார். மூன்று என்று காட்டியது. ஏழு என்றேன்.

எதற்காகச் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பெரிய காரணம் எதுவும் இல்லை. அவர் சந்தோஷப்பட்டார், எனக்கும் அந்த நேரத்துக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒருமுறை ஏழு என்றபின் அடுத்த வாரம் மூன்று என்று எப்படிச் சொல்வது? எட்டு என்றேன். அதற்கடுத்த வாரம் கொஞ்சம் அடக்கி ஆறு என்றேன், நம்பும்படியாக இருக்க வேண்டுமல்லவா. டிவி கடையில் அத்தனை கறாரான ஆள், மணல்வெளியில் நின்றுகொண்டு வாராவாரம் நிமிடங்களை உற்பத்தி செய்துகொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிறு பறக்கவிட்டுவிட்டு எங்கள் மார்சிலிங் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். மனைவி மீன் தலைக்கறி வைத்திருந்தாள். அவர் முள்ளைக் கையால் தடவித் தடவி எடுப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், கடைசியில் கேட்டுவிட்டாள்.

"அண்ணே, அந்த லெட்டர் என்னாச்சு?"

"எந்த லெட்டர்?"

"கண்ணுக்குக் குடுத்தது."

அவர் சிரித்தார். "நம்ம மாப்ளயக் கேளு. இன்னிக்கி ஒம்போது நிமிஷம் நிறுத்துனேன். கண்ணு போனவனா ஒம்போது நிமிஷம் ஓட்டுவான்?"

அவள் என்னைப் பார்த்தாள். "நெசமாவா?"

அவரும் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். நான் இருந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளித் திருப்பினார். கறிக் கரண்டி என் கையில் இருந்தது.

"நெசந்தான். நல்லாத்தான் ஓட்டுறாரு" என்றேன்.

அவள் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். நான் சொன்னதை அவள் நம்பினாள். கடிதம் செபப் புத்தகத்துக்குள்ளேயே இருந்தது.

சில மாதம் கழித்து ஒரு வேலை நாள் காலை, கிரேன் கூண்டில் இருக்கும்போது இருந்ததில் கொஞ்சம் நல்ல கண்ணான அவர் வலக்கண்ணுக்குள் ரத்தம் கசிந்தது. "மை ஊத்துன மாதிரி இருந்துச்சு மாப்ள. வலியெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று பிறகு சொன்னார். கம்பியில் பாரம் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர் விசையை விட்டுவிட்டு அசையாமல் உட்கார்ந்து ரேடியோவில் ஆள் அனுப்பச் சொல்லியிருக்கிறார். இரண்டு பேர் ஏணியில் ஏறி, ஒவ்வொரு படியாக அவர் காலைப் பிடித்து வைத்து இறக்கினார்கள். யாருக்கும் அடிபடவில்லை.

கண் பிரிவில் நானும் உடன் இருந்தேன். வலக்கண் மீளவில்லை. இடக்கண்ணில் லேசர் வைத்தார்கள். வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சின. டாக்டர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. கொஞ்சம் முன்னாடி வந்திருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். என் மனைவி நடைவழி நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். "ஓட்டுறாரு ஓட்டுறாருன்னு நாமளும் சும்மா இருந்துட்டோமே" என்றாள். நாம் என்று என்னையும் சேர்த்துத்தான் சொன்னாள். அதை நான் திருத்தவில்லை.

இரண்டு வருடம் அவர் வீட்டை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. விமானம் அலமாரிமேல் கிடந்தது. பிறகு ஒருநாள் அவரே தொலைபேசியில் கூப்பிட்டார்.

"மாப்ள, காதுதான் நல்லாருக்கே. நீங்க பக்கத்துல இருந்து இடது வலது சொன்னா போதாதா? ஒரே ஒரு தடவ."

அதே கடைக்குப் போனேன். அதே தவுக்கே. இந்த முறை குழாய் உள்ள பெட்டியை எடுத்தேன். அவருக்கு இனிச் சத்தம் ஒன்றுதான் மிச்சம், அதுவாவது உண்மையாக இருக்கட்டும் என்று நினைத்தேன். நல்ல மனதோடுதான் நினைத்தேன். அவர் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து அலமாரிமேலிருந்து விமானத்தை இறக்கி, வாலில் துளை போட்டுக் குழாயைச் செருகினேன். "வேற வேரியோ மச்சான், பழசவிடக் கொஞ்சம் நல்லது" என்று பிறகு சொன்னேன். வாலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

அன்று மேகமூட்டம். மணல் சூடேறவில்லை. வேறு நாள் வரலாம் என்றேன், வேண்டாம் என்றார். கயிற்றை இழுத்து விட்டேன். விமானம் ஏறிக் கழன்றது. அவர் முகத்தைக் கொஞ்சம் சாய்த்து, இயர்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, பழைய பழக்கப்படி குச்சியை மெல்ல இழுத்தார்.

சத்தம் மாறவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். விமானம் மூக்கைத் தூக்கியது, இறங்கியது. மறுபடி இழுத்தார். கொஞ்சம் பலமாக இழுத்தார்.

"மாப்ள, செட்டு பழுதா?"

"இல்ல மச்சான்."

"கத்தவே மாட்டேங்குதே. இறங்குற சத்தந்தான் வருது."

"இறங்கிக்கிட்டுத்தான் இருக்கு."

தரைக்கு வந்ததும் எடுத்து வரச் சொன்னார். மணலில் உட்கார்ந்து விமானத்தை மடியில் வைத்து, மூக்கிலிருந்து விரலை ஓட்டிக்கொண்டே போனார். இறக்கை, முதுகு, வால். குழாயில் விரல் பட்டதும் நின்றது. அதன் அடியில் நான் போட்ட துளையைக் கட்டைவிரல் நகத்தால் தடவிப் பார்த்தார்.

"இது எதுக்கு?"

சொன்னேன். தாண்டிப்போன அந்தப் பத்தியைக் கிட்டத்தட்ட வரி மாறாமல் சொன்னேன். வருடக்கணக்காக மனப்பாடமாகத்தான் இருந்தது. அவர் கேட்டுக்கொண்டே குழாயை இரண்டு விரலால் பிடித்திருந்தார்.

"இது அன்னிக்கி நீங்க படிச்ச பேப்பர்ல இருந்துச்சா?"

"இருந்துச்சு மச்சான்."

"அப்ப நான் ஏத்துனதெல்லாம்?"

நான் மணலில் அவர் எதிரே உட்கார்ந்தேன்.

"ஒம்போது நிமிஷம்னீங்களே."

"மூணு" என்றேன். "எப்பவும் மூணுதான்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், காலில் விழுந்திருப்பேன். அவர் காதிலிருந்து இயர்போனைக் கழற்றி, ஒயரைச் சிக்கில்லாமல் சுற்றி, என் பக்கம் நீட்டினார். "போலாமா மாப்ள?" என்றார். அதே மாப்ள, அதே மரியாதை.

கடை வேனை அதற்குள் விற்றுவிட்டிருந்தார்கள். பஸ் நிறுத்தத்துக்குச் சாலையைக் கடந்து போக வேண்டும். நான் ஒரு கையில் கழற்றிக் கட்டிய விமானத்தையும் மறு கையில் அவர் முழங்கையையும் பிடித்திருந்தேன். இரண்டு பக்கமும் பார்த்தேன். சாலை வெறிச்சோடிக் கிடந்தது.

"வண்டி இல்ல மச்சான். வாங்க."

அவர் வரவில்லை. என் பிடியிலிருந்து முழங்கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, முதலில் வலது பக்கம் காதைத் திருப்பிக் கேட்டார், பிறகு இடது பக்கம். மறுபடியும் வலது பக்கம் கேட்டார். அதன் பிறகுதான் காலை எடுத்து வைத்தார். அதற்குப்பின் பல வருடம் அவரோடு பல சாலைகளைக் கடந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நான் வண்டி இல்லை என்பேன், அவர் நின்று கேட்டுவிட்டுத்தான் வருவார்.